ஊசிக்கு முன்னால் ஒரு கேள்வி

தும்பியின் வயிற்றில் ஒரு ரகசியம் இருக்கிறது என்பது போன வாரமே உங்களுக்குத் தெரியும். அவள் வீட்டில்தான் யாருக்கும் தெரியாது.

இன்றைக்குப் புதிதாக உள்ளே வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தும்பி என்பது மாமியார் வைத்த பெயர். ஓரிடத்தில் உட்காராதவள் என்பதால் வைத்தது. புருஷன் டைல்ஸ் போடுகிறவன். எதைப் பார்த்தாலும் குனிந்து, ஒரு கண்ணை மூடி, மட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பான். சாப்பாட்டுத் தட்டைக்கூட விடமாட்டான். அதனால் வேலை இடத்தில் அவனுக்கு மட்டம் பார்க்கிற கருவியின் பெயர், ரசமட்டம். அவன் பதித்துக்கொண்டே முன்னால் போக, பின்னால் சந்துகளைப் பூசி அடைத்துக்கொண்டே வருவது தும்பியின் வேலை. மாமியார் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாள். மூன்று பேர், இரண்டு அறை, ஒரே ஒரு மின்விசிறி.

தும்பி ஏற்கெனவே இரண்டு தடவை உண்டாகியிருந்தாள். இரண்டும் நிற்கவில்லை. இரண்டு தடவையும் சந்தோஷம் அவளுக்கு முன்னாலேயே தெரு முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தது. மாமியார் வீடு வீடாகச் சொல்லியிருந்தாள். பிறகு அதே வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய், சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தாள்.

ரசமட்டம் அழவில்லை. மறுநாளே வேலைக்குப் போனான். அந்த வாரம் அவன் போட்ட குளியலறைத் தரையில் மட்டும் தண்ணீர் ஓட்டையை விட்டுவிட்டு வாசலைப் பார்த்து ஓடியது. மேஸ்திரி கத்தின கத்தலில் பக்கத்துக் கட்டிடத்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். தரை கோணல் என்பது தும்பிக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்காமல் சந்துகளை அடைத்துக்கொண்டே போனாள்.

அதனால்தான் இந்த முறை, ஸ்கேனில் அந்தத் துடிப்பைக் கண்ணால் பார்க்கிற வரைக்கும் மூச்சு விடுவதில்லை என்று முடிவு கட்டியிருந்தாள். ஸ்கேன் நாளைக் காலையில். இன்றைய பொழுதை மட்டும் எப்படியாவது ஓட்டிவிட்டால் போதும்.

ஆனால் பொழுது விடிந்ததே வேறு மாதிரி இருந்தது.

"சாயங்காலம் ஞாபகம் இருக்குல்ல?" என்றான் ரசமட்டம், வேலை நடக்கிற வீட்டின் பாதி முடிந்த சமையலறையில் கலவையை இழுத்துக்கொண்டே. காலையிலிருந்து நாலைந்து தடவை கேட்டாயிற்று.

"இருக்கு."

"முத ஆள் நீதான். புது ரூம், புது நாற்காலி, நான் போட்ட தரை. அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லி வச்சிருக்கேன்."

"அத்தை முதல்ல உக்காரட்டுமே. பெரியவங்க."

"அம்மாவா? ஊசியைப் பார்த்ததும் இறங்கி ஓடிடுவாங்க. அப்புறம் யாரு துரத்திப் பிடிக்கிறது?"

விஷயம் இதுதான். கல்யாணம் ஆன புதிதில் ரசமட்டம் ஒரு சிமெண்ட் மூட்டைக் காகிதத்தில் படம் போட்டான். சின்னச் சின்னச் சதுரங்கள், ஒவ்வொன்றிலும் கால்வட்டம். நாலு சதுரம் சேர்ந்தால் ஒரு பூ. அவன் கையால் முதன்முதலில் போட்ட தரையின் டிசைன் அது. அதைத் தும்பியின் இடது முன்கையில் டாட்டூவாகப் போட்டுவிடச் சொன்னான். போட்டவர் பாதித் தூக்கத்தில் இருந்தாரோ என்னவோ, ஒரே ஒரு சதுரத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார். அந்தப் பூவுக்கு மட்டும் ஓர் இதழ் வெளியே பார்த்துக்கொண்டு நிற்கும்.

பார்க்கிறவர்கள் யாருக்கும் தெரியாது. ரசமட்டத்துக்குத் தெரியும். தும்பி தண்ணீர் எடுத்துக் கொடுத்தாலும், தலை வாரினாலும் அவன் கண் நேராக அங்கேதான் போய் நிற்கும். "யாரோ செஞ்ச தப்பை என் பொண்டாட்டி கையில சுமக்கிறா" என்பான்.

போன மாதம் டாட்டூ போடுகிற பெண் ஒருத்தி புது அறை எடுத்தாள். தரை போட்டுக் கொடுத்தது ரசமட்டம். கூலி வேண்டாம் என்றுவிட்டான். அதற்குப் பதிலாக, திரும்பிப்போன அந்தச் சதுரத்தைச் சரிசெய்து தர வேண்டும். அம்மாவுக்கு அவள் ஆசைப்பட்ட படம் ஒன்று போட்டுத் தர வேண்டும். அறை திறக்கிற நாளில் முதல் வேலையே இதுதான் என்று பேச்சு. அவன் இப்படி ஒன்றைக் கேட்டு வாங்கினதே வாழ்க்கையில் இது ஒரு தடவைதான்.

வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

"அந்த டைல்ஸ் பெட்டியைக் கொஞ்சம் இப்படித் தள்ளு, தும்பி."

"முதுகு பிடிச்சிருக்குங்க."

"நேத்தும் முதுகுன்னே, முந்தா நாளும் முதுகுன்னே." அவன் கலவைக் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தான். "திரும்பு. தைலம் போட்டு விடறேன்."

"வேண்டாம், வேண்டாம். இப்ப பரவாயில்ல."

"என்ன பரவாயில்ல? நிமிர முடியாம நிக்கிற. திரும்புங்கிறேன்ல."

பொய் சொன்னால் அன்பாகத் திரும்பி வரும் என்று அவள் நினைக்கவில்லை. தைலத்தின் மூடியைத் திறந்தானோ இல்லையோ, வாசனை நேராகக் குடலைப் பிடித்து இழுத்தது. "காத்து வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். வாயைப் பொத்திக்கொண்டு தண்ணீர்த் தொட்டியின் நிழலில் கொஞ்ச நேரம் நின்றாள்.

சின்ன இடம்தானே, என்று ஒரு எண்ணம் வந்தது. நகம் அளவு. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் அவனுக்கும் சந்தோஷம், ரகசியமும் பத்திரம். நாளைக்கு ஸ்கேன் முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம்.

சுகாதார நிலையத்து நர்ஸுக்குப் போன் போட்டாள்.

"சிஸ்டர், தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி ஒரு விஷயம் கேக்கச் சொன்னா."

"சொல்லுங்க."

"மாசமா இருக்கா. கையில பழைய டாட்டூ இருக்கு. அதுல ஒரு சின்ன இடத்தை மட்டும் சரி பண்ணணுமாம். நகம் அளவுதான். பண்ணிக்கலாமான்னு..."

"வேண்டாம்னு சொல்லுங்க."

"நகம் அளவுதான், சிஸ்டர்."

"ஊசிக்கு நகமும் ஒண்ணுதான், முதுகும் ஒண்ணுதான். ஊசி சுத்தமில்லன்னா மஞ்சள்காமாலைக் கிருமி ரத்தத்துல ஏறலாம். அம்மாகிட்டேருந்து பிள்ளைக்கும் போகலாம். சரி, ஊசி சுத்தமாவே இருக்குன்னு வச்சுக்குவோம். அந்த மையில என்னென்ன கலந்திருக்கு, வயித்துப் பிள்ளையை அது ஏதாவது பண்ணுமா, பண்ணாதான்னு யாரும் இன்னும் சரியாப் பார்த்துச் சொல்லல. தெரியாத ஒண்ணை எதுக்கு இப்பப் போய் உடம்புல ஏத்தணும்? அவசரமா என்ன?"

"அப்ப லேசர்ல அழிச்சுட்டா?"

"அதுவும் இப்ப வேண்டாம். லேசர் மையைத் தூளாக்கும். அந்தத் தூள் உடம்புக்குள்ள போய்த்தான் கரையணும். பிரசவம் ஆகி, பிள்ளை பால் மறக்கிற வரைக்கும் நல்ல இடத்துல யாரும் கை வைக்க மாட்டாங்க."

தும்பி தொட்டிச் சுவரை விரலால் கீறிக்கொண்டே நின்றாள். கேட்க வந்தது இன்னொன்று இருந்தது. நர்ஸும் போனை வைக்கவில்லை.

"ஏற்கெனவே கையில இருக்கே, அது? அதனால... முன்னாடி ரெண்டு தடவை நிக்கலையே. அது இதனாலதான்னு பக்கத்து வீட்டுல ஒருத்தங்க சொன்னாங்க."

"இல்லம்மா." நர்ஸின் குரல் இறங்கியது. "அப்படி எதுவும் கிடையாது. ஆறிப்போன பழைய டாட்டூ அது பாட்டுக்கு இருக்கும். பிள்ளையை ஒண்ணும் பண்ணாது. நாளைக்குப் பால் குடுக்கவும் தடையில்ல. யாரோ சொன்னாங்கன்னு இத்தனை நாள் மனசுல வச்சுக்கிட்டு இருந்தீங்களா?"

 வெயில், தொட்டி, கீழே ரப்பர் சுத்தி தட்டுகிற சத்தம். எத்தனையோ நாளாக அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள். இதை யாரிடமும் சொன்னதில்லை.

"இருக்கீங்களா?" என்றாள் நர்ஸ்.

"இருக்கேன் சிஸ்டர்."

"அந்தத் தெரிஞ்ச பொண்ணுகிட்ட, காலையில தண்ணி நிறையக் குடிச்சுட்டு வரச் சொல்லுங்க. ஸ்கேனுக்கு அப்பத்தான் நல்லாத் தெரியும்."

போன் வைக்கப்பட்டுவிட்டது. தும்பி தனியாக மாடியில் நின்று சிரித்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் கீழே இறங்குகிறபோதே சிரிப்பு போய்விட்டது. ஊசி கிடையாது என்பது நிச்சயம். இனி ஒன்று பொய் சொல்லித் தப்பிக்க வேண்டும், இல்லை உண்மையைச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் இன்றைக்கு ராத்திரி முழுக்க அந்த வீட்டில் மூன்று பேர் ஆசைப்பட ஆரம்பித்துவிடுவார்கள். காலையில் ஸ்கேன் வேறு மாதிரி சொல்லிவிட்டால்? மறுபடியும் ரசமட்டத்தின் கை கோணும். மறுபடியும் மாமியார் வீடு வீடாக ஏறி இறங்குவாள்.

பொய்தான், என்று தீர்மானித்தாள்.

டாட்டூ அறை ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது. படியேறும்போதே பெயிண்ட் வாசனை. வாசலில் மாமியார் ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தாள். சலவைக்கடையிலிருந்து நேராக வந்திருக்கிறாள். உடம்பெல்லாம் நீராவி வாசம், முகத்தில் கல்யாணப் பெண்ணுக்கு இருக்கிற படபடப்பு.

"என்னடா இவ்வளவு லேட்டு? எனக்கு நெஞ்சு படக்குபடக்குங்குது."

"ஓடிடாதீங்கம்மா."

"போடா. பிரசவ வலியே பார்த்தாச்சு, இந்த ஊசி என்னை என்ன பண்ணிடும்?" என்று சொல்லிவிட்டுத் தும்பியின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே தரை பளபளவென்று இருந்தது. ரசமட்டம் செருப்பைக் கழற்றியதும் முதலில் குனிந்து ஒரு கண்ணை மூடினான். டாட்டூக்காரப் பெண் சிரித்தாள். இரண்டு கையிலும் தோள் வரைக்கும் படம், குரலில் மட்டும் ஆசுபத்திரிக் கறார்.

"அண்ணே, உங்க தரை எங்கயும் போகல. யார் முதல்ல?"

"நான்தான்" என்று தும்பிக்கு முன்னால் பாய்ந்து மாமியார் நாற்காலியில் ஏறிவிட்டாள். இறங்கி ஓடத் தோன்றுவதற்குள் உட்கார்ந்துவிட வேண்டும் என்ற அவசரம்.

"என்ன படம்மா?"

"இஸ்திரிப் பெட்டி."

"இஸ்திரிப் பெட்டியா?"

மாமியார் வலது முன்கையைத் திருப்பிக் காட்டினாள். அங்கே பழைய சூட்டுத் தழும்பு ஒன்று, முக்கோணமாக. "இத்தனை வருஷம் அதுதான் எனக்குச் சூடு போட்டுக்கிட்டு இருந்துச்சு. இனிமே அது என் கையில அடங்கி உக்காரட்டும். மேல கொஞ்சம் ஆவி வர்ற மாதிரி போட்டுடு."

"தழும்பு மேல மை ஒரே மாதிரி ஏறாதும்மா. அங்கங்க மங்கலா நிக்கும். பரவாயில்லையா?"

"ஆவிதானே, மங்கலாவே இருக்கட்டும்."

டாட்டூக்காரப் பெண் கையைக் கழுவினாள். புது ஊசிப் பொட்டலத்தை அவர்கள் கண் முன்னாலேயே பிரித்தாள். கையுறையை மாட்டிக்கொண்டே கேட்க ஆரம்பித்தாள். "சர்க்கரை இருக்கா? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எதுவும் போடறீங்களா? தோல்ல அலர்ஜி?"

"ஒண்ணும் இல்ல."

"கர்ப்பமா இருக்கீங்களா? பால் குடுக்கறீங்களா?"

மாமியார் மகனைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். பிறகு நாற்காலியே குலுங்கச் சிரித்தாள். "ஏம்மா, ஆமான்னு சொன்னா என்ன பண்ணுவே? பத்திரிகைக்காரங்களைக் கூப்பிடுவியா?"

"வீட்டுக்கு அனுப்பிடுவேன். எல்லாரையும் கேப்பேன், நரைச்ச தலையா இருந்தாலும் கேப்பேன். ஒருத்தரை விட்டு ஒருத்தரைக் கேட்டா சரியா வராது. கை ஆடாம வைங்க."

எல்லாரும் சிரித்தார்கள். தும்பியும் சிரித்தாள். பிறகுதான் உறைத்தது. எல்லாரையும் கேட்பாள். அடுத்தது யார்?

ஊசி ரீங்காரம் போட ஆரம்பித்தது. "அம்மாடி... அம்மாடி... இவ்வளவுதானா?" என்று மாமியார் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வர்ணனை கொடுத்தாள். ரசமட்டம் பக்கத்தில் நின்று இஸ்திரிப் பெட்டியின் அடிப்பாகம் மட்டமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் இப்படி ஒரு நிம்மதியைத் தும்பி பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. அதைக் கெடுக்கப்போவது தான்தான் என்று நினைக்க அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

வேலை முடிந்தது. தழும்பு இருந்த இடத்தில் ஒரு குட்டி இஸ்திரிப் பெட்டி, அதன் தலையில் சுருள் சுருளாக ஆவி. துடைத்து, மெல்லிய உறை ஒட்டி, "ரெண்டு வாரம் சொறியக் கூடாது, அழுக்குத் தண்ணி படக் கூடாது" என்று சொல்லி இறக்கிவிட்டாள். மாமியார் கையை ஏந்திக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள், பரிசு வாங்கின பிள்ளை மாதிரி.

"வாங்கக்கா" என்றாள் டாட்டூக்காரப் பெண். நாற்காலியைத் துடைத்து, பழைய ஊசியை அப்புறப்படுத்திவிட்டு, புதுக் கையுறை மாட்டினாள்.

தும்பி உட்காரவில்லை. தயார் செய்து வைத்திருந்ததை எடுத்துவிட்டாள். "ஏங்க, யோசிச்சுப் பார்த்தேன். எனக்கு இது இப்படியே பிடிச்சிருக்கு. திரும்பினது திரும்பினபடியே இருக்கட்டும்."

ரசமட்டம் அவளைப் புரியாமல் பார்த்தான். "இத்தனை வருஷமா அதைப் பார்த்து நான் புலம்பறேன். இப்ப வந்து பிடிச்சிருக்குங்கிறே."

"பழகிப் போச்சு."

"வலிக்குமேன்னு பயமா?"

"ஆமா. பயம்."

"விரல்ல கட்டர் பட்டு நாலு தையல் போட்டப்பக் கதை பேசிக்கிட்டு இருந்தவ நீ" என்றாள் பெஞ்சிலிருந்து மாமியார். "பயமாம்ல."

"சரி, ஊசி வேண்டாம்" என்றான் ரசமட்டம், பெரிய மனசு பண்ணி. "லேசர்ல அந்த ஒரு சதுரத்தை மட்டும் எடுத்துடலாம். இவங்களுக்குத் தெரிஞ்ச இடம் இருக்கு. இல்லைங்களா?"

"இருக்கு. ஆனா அவங்களும் இதே கேள்விதான் கேப்பாங்க, அண்ணே. அவங்க என்னைவிடக் கறார்." அவள் தும்பியின் பக்கம் திரும்பினாள். "முதல்ல உக்காருங்கக்கா. பார்க்கவாவது செய்யறேன். சர்க்கரை, மாத்திரை, அலர்ஜி எதுவும்?"

"இல்ல." தும்பி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"கர்ப்பமா இருக்கீங்களா? பால் குடுக்கறீங்களா?"

தும்பி வாயைத் திறப்பதற்குள் ரசமட்டம் முந்திக்கொண்டான்.

"அதெல்லாம் இல்லைங்க. நீங்க ஆரம்பிங்க."

சாதாரணமாகத்தான் சொன்னான். முகத்தில்கூட ஒரு சிரிப்பு இருந்தது. அந்தச் சாதாரணம்தான் தும்பியைப் பிடித்து நிறுத்தியது. வாயில் எத்தனையோ தடவை புரண்டு வழுவழுவென்று ஆகிப்போன பதில் அது. டீக்கடையில், கல்யாண வீட்டில், புது வீட்டுச் சொந்தக்காரர்கள் பேச்சுவாக்கில் 'குழந்தைங்க?' என்று கேட்கும்போது, ஒவ்வொரு தடவையும் அவன் முந்திக்கொண்டு, அவள் காதுக்கு அந்தக் கேள்வி முழுசாகப் போய்ச் சேர்வதற்குள் இப்படி ஒரு 'அதெல்லாம் இல்லைங்க'வைக் குறுக்கே போட்டிருக்கிறான். இத்தனை நாளாக அவளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். என்னவென்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

இவனைத் தான் காப்பாற்றுவதாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள்?

"ஆமா" என்றாள் தும்பி.

"என்ன ஆமா?" என்றான் அவன்.

"அவங்க கேட்டதுக்கு. ஆமா."

 முதலில் அசைந்தது டாட்டூக்காரப் பெண்தான். கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். பிரிக்காத ஊசிப் பொட்டலத்தை எடுத்து உள்ளே வைத்தாள். நாற்காலியின் முதுகைச் சாய்த்து, "நல்லாச் சாஞ்சு உக்காருங்கக்கா" என்றாள்.

பெஞ்சில் மாமியார், உறை ஒட்டின கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். விரல் சந்து வழியாக வந்த முதல் பேச்சு: "நான் யார்கிட்டயும் சொல்லல."

"நீங்க சொன்னீங்கன்னு யாரும் சொல்லலையே அத்தை."

"இனிமேலும் சொல்ல மாட்டேங்கிறேன்." அவள் கண் நிறைந்துவிட்டது. "சத்தியமா, தும்பி. யாராவது கழுத்தைப் பிடிச்சாலும் சொல்ல மாட்டேன்."

 ரசமட்டம் அப்படியே தரையில், நாற்காலிக் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"எப்பத் தெரியும்?"

"போன வாரம்."

"போன வாரமா?" விரல் விட்டு எண்ணினான். "அப்ப முதுகு?"

"முதுகுக்கு ஒண்ணுமில்ல."

"நான் தைலத்தைத் தூக்கிக்கிட்டு உன் பின்னாடியே அலைஞ்சேனே!"

"அந்த வாசனைதான் ஆளைக் கொல்லுது. சொல்லவும் முடியல, துப்பவும் முடியல."

டாட்டூக்காரப் பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அலமாரியை அடுக்குகிற மாதிரி நின்றாள். ரசமட்டம் சிரிக்கவில்லை.

"ஏன் சொல்லல?"

"நாளைக்குக் காலையில ஸ்கேன். பார்த்துட்டுச் சொல்லலாம்னு. போன தடவை நீங்க... அந்தக் குளியலறை."

அவன் தலை குனிந்தான். "நீ அன்னிக்கே பார்த்தியா, கோணலை?"

"முத வரிசையிலயே."

"சொல்லியிருக்கலாம்ல."

"நீங்க மட்டும் என்கிட்ட என்ன சொன்னீங்க?"

அவன் உள்ளங்கையால் தரையைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"பிரிச்சு மறுபடியும் போட்டுக் குடுத்தேன், தும்பி" என்றான் கடைசியில், மெதுவாக. "இப்ப அங்க தண்ணி சரியாத்தான் போகுது. போன வாரம் அந்தப் பக்கம் போனப்பக்கூட உள்ள போய்ப் பார்த்துட்டு வந்தேன்."

"அது எனக்குத் தெரியாதே."

"நான் உடைஞ்சு போயிடுவேன்னு பயந்து நீ தனியா ஸ்கேனுக்குப் போவியா? நல்லா இருக்கு கதை. நானும் வரேன்."

"வந்து, ஏதாவது சரியில்லன்னா?"

"சரியில்லன்னா ரெண்டு பேருமாத் திரும்பி வருவோம். நீ ஒருத்தியா பஸ்ஸுல உக்காந்து வரது எனக்குப் பிடிக்கல."

"மூணு பேரு" என்றாள் மாமியார் பெஞ்சிலிருந்து.

டாட்டூக்காரப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். தும்பியின் முன்கையைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் அந்தச் சதுரத்தைப் பார்த்தாள். "சின்ன வேலைதான். பிள்ளை பிறந்து, பால் மறந்து, உங்க உடம்பும் தேறினப்புறம் வாங்க. இந்த நாற்காலி எங்கயும் போகாது. அண்ணன் போட்ட தரை எனக்கு அதுவரைக்கும் கடன்."

"அவசரமே இல்லம்மா" என்றான் ரசமட்டம். அந்தச் சதுரத்தைப் பற்றி அவன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்தது இதுதான் முதல் தடவை.

வீடு திரும்புகிற வழியில் தும்பியை நடுவில் விட்டு இரண்டு பக்கமும் காவல் போட்டுக்கொண்டு நடந்தார்கள். எதிரே வருகிற சைக்கிளையெல்லாம் மாமியார் முறைத்தாள். "பள்ளம் பார்த்து" என்றான் ரசமட்டம். பள்ளம் எதுவும் இல்லை.

படிக்கட்டில் பக்கத்து வீட்டுக்காரி நின்றிருந்தாள். "என்ன மூணு பேரும் ஒண்ணா? முகமெல்லாம் பளிச்சுன்னு இருக்கு. என்ன விசேஷம்?"

தும்பி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மாமியாருடையது ஊருக்கே ஒலிபெருக்கி கட்டின வாய். ஒரு சேதியை அது ஒரு மணி நேரம்கூட உள்ளே வைத்திருந்து தும்பி பார்த்ததில்லை. மாமியாரின் உதடு ஒரு தடவை பிரிந்தது. மூடியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"இஸ்திரிப் பெட்டி!" என்று கையை அவள் மூக்குக்கு நேராக நீட்டினாள் மாமியார். "கையில குத்திக்கிட்டேன். ஆவி வருது பாரு!"

உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் அதன் மேலேயே சாய்ந்து நின்று வேர்வையைத் துடைத்தாள். "ஏம்மா, ரகசியம் வச்சுக்கிறது இவ்வளவு கஷ்டமா? நீ ஒரு வாரம் எப்படித் தாங்கினே?"

தும்பி அவளைக் கட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் போன் அடித்தது. பெரிய மகள். இரண்டு மணி நேரப் பஸ் தூரத்தில் வாழ்க்கைப்பட்டவள், தும்பிக்கு நாத்தனார். தும்பி அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். மாமியார் ஒலியைக் கூட்டிப் பேசுவதுதான் வழக்கம். அறை முழுக்கக் கேட்டது.

"அம்மா, நாளைக்குக் காலையில அங்க வரேன்."

"நாளைக்கா? காலையிலயா?" மாமியார் தடுமாறினாள். "காலையில வீட்டுல யாரும் இருக்க மாட்டோமேடி."

"மூணு பேருமா? வேலை நாள்ல எங்க போறீங்க?"

மாமியார் வாயைத் திறந்தாள். கையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது, அது இந்தக் கேள்விக்கு உதவாது. அவள் கண் தும்பியைத் தேடி வந்து நின்றது. 

"அம்மா? என்ன சத்தத்தையே காணோம்? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

ரசமட்டமும் தும்பியைத்தான் பார்த்தான். சொல் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நாளைக்கு என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் இன்றைக்கு இது இருக்கிறது. இருப்பதை இல்லை என்று சொல்லிச் சொல்லி இந்த வீட்டில் எல்லாரும் களைத்துப் போய்விட்டார்கள். தும்பி கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணி, நான்தான். உடம்புக்கு ஒண்ணுமில்ல, நல்ல விஷயம்தான். ஸ்கேனுக்குப் போறோம். எனக்குத்தான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "எந்த ஆசுபத்திரின்னு சொல்லு, தும்பி. நான் வீட்டுக்கு வரல. நேரா அங்கயே வந்துடறேன்."

தும்பி இடத்தைச் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அண்ணியின் குரலுக்குப் பின்னால் பஸ் ஹாரனும், ஊர்ப் பெயர்களைக் கூவுகிற கண்டக்டர் குரலும் கேட்டன. நாளைக்குக் காலையில் கிளம்பி வருகிறவள் இந்த நேரத்தில் பஸ் நிலையத்தில் என்ன செய்கிறாள்?

"அண்ணி, நீங்க இப்ப எங்க இருக்கீங்க? அண்ணனும் கூட இருக்காரா?"

"உன் விஷயம் முதல்ல நல்லபடியா முடியட்டும்" என்றாள் அண்ணி. "என்னுது காத்திருக்கும்."